பதினொரு கொள்ளு, பதினேழு சோளம்: வாசலில் ஓர் அயனிப் பிணைப்பு

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அயனிப் பிணைப்பை, அதாவது எலக்ட்ரான் கைமாறி மின்சுமை பெற்ற அணுக்கள் (அயனிகள்) ஒட்டிக்கொள்வதை, கரும்பலகையில் வரைந்து காட்டினால் பாதிப் பேருக்கு ஏறாது. வாசலில் கொள்ளும் சோளமும் வைத்துச் செய்தால் ஒரே நாளில் பிடிபடும். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கை கொள்ளு, ஒரு கை சோளம், கொஞ்சம் கோலமாவு போதும்.

முதலில் கோலமாவால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போடுங்கள். இது சோடியம். அதற்கு 11 எலக்ட்ரான், ஒரு மணி ஒரு எலக்ட்ரான். 11 கொள்ளை எடுத்து உள்வட்டத்தில் 2, அடுத்ததில் 8, வெளிவட்டத்தில் 1 என்று வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு மூன்று வட்டம், அது குளோரின். 17 சோளம்: 2, 8, 7.

இப்போது வெளிவட்டங்களை மட்டும் பாருங்கள். எட்டு நிறைந்தால் அணு நிலையாக இருக்கும். சோடியத்தின் ஒற்றைக் கொள்ளை எடுத்துக் குளோரினின் வெளிவட்டத்தில் வையுங்கள். அங்கே எட்டு நிறைந்தது. இங்கே வெளிவட்டம் காலி, அதை அழித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எட்டு இனி வெளியடுக்கு. உண்மையிலும் சோடியம் இப்படித்தான் சுருங்குகிறது: அணுவாக 186 பிக்கோமீட்டர் ஆரம், அயனியாக 102.

அடுத்தது மின்சுமைக்குக் குறி போடும் வேலை. நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். கொடுத்ததால் சோடியத்துக்குக் கழித்தல் குறி போட்டுவிடுவார்கள். எண்ணிப் பாருங்கள். அணுக்கருவில் 11 நேர்மின்சுமை அப்படியே இருக்கிறது, எதிர்மின்சுமையுள்ள எலக்ட்ரான் 10தான். அப்படியானால் கூட்டல் ஒன்று. கடனை இறக்கி வைத்தவன் கணக்கு ஏறுவது மாதிரி. குளோரினுக்குக் கழித்தல் ஒன்று.

போன வருடம் ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்க சார், குடுத்துட்டாத்தான் முடிஞ்சுதுங்களே, அப்புறம் எதுக்குங்க ரெண்டும் ஒட்டீட்டு நிக்கோணும்?" அருமையான கேள்வி. கொடுத்து வாங்குவதோடு பிணைப்பு வந்துவிடாது. கொடுத்த பிறகு எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றை ஒன்று இழுக்கின்றனவே, அந்த இழுப்புதான் பிணைப்பு. சோடியம் சும்மாவும் கொடுப்பதில்லை. ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அளவு) சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் வேண்டும், குளோரின் வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349தான். 147 கிலோஜூல் துண்டு விழுகிறது. அயனிகள் கூடிப் படிகமாகும்போது வெளிவரும் 787 கிலோஜூல்தான் அதை ஈடுகட்டுகிறது.

அந்தப் படிகத்தைக் கண்ணால் பார்க்கலாம். கல்லுப்பை ஒரு கருப்புத் தட்டில் வைத்து லென்ஸில் பாருங்கள், விளிம்புகள் சதுரம் சதுரமாகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். ஜோடி ஜோடியாக மூலக்கூறு எதுவும் கிடையாது. அம்மிக் குழவியால் லேசாகத் தட்டுங்கள். நசுங்காது, பட்டென்று உடையும். அடுக்கு ஒன்று நகர்ந்ததும் கூட்டலுக்கு நேரே கூட்டல் வந்து தள்ளிவிடுகிறது.

சரி, நம்ம ஊர்ப் பொருள் ஒன்று. ஏற்காடு மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் சேலத்து வெள்ளைக்கல், மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு போய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். மெக்னீசியம் 2, 8, 2; ஆக்ஸிஜன் 2, 6. இந்த முறை இரண்டு கொள்ளு நகரும். மின்சுமையும் இரண்டிரண்டு, இழுப்பும் பல மடங்கு. உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும், இது 2800 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்லை இதில் செய்வது அதனால்தான்.

இனி நீங்களே கால்சியத்தையும் குளோரினையும் போட்டுப் பாருங்கள். கால்சியம் 2, 8, 8, 2. குளோரின் வட்டம் ஒன்று மட்டும் போட்டால் ஒரு கொள்ளு கையிலேயே நிற்கும், பக்கத்தில் இன்னொரு குளோரினுக்கும் இடம் விட்டு வரையுங்கள்.