காமிக்ஸ் அச்சடிக்கப் போறீங்களா? முதல்ல நாலால வகுத்துப் பாருங்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் முதல் காமிக்ஸுக்குப் போட்டோஸ்டேட் கடையே போதும். ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம்; அதனால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 8 பக்கத்துக்கு 2 ஏ4 தாள்: வெளித்தாளில் இடமிருந்து வலமாக 8–1, பின்னால் 2–7, உள்தாளில் 6–3, பின்னால் 4–5. இருபுற அச்சைக் குறுகிய ஓரமாகத் திருப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

கட்டங்களுக்கு நடுவே விடும் இடைவெளிதான் கட்டர் (gutter). விளிம்பைத் தாண்டி ஓடும் படம் ப்ளீட் (bleed). அச்சகத்துக்கு என்றால் 3 மி.மீ. கூடுதலாக வரைந்து கொடுங்கள், அதை அவர்கள் வெட்டிவிடுவார்கள். கடை மெஷின் விளிம்பு வரை அடிக்காது, சுற்றிலும் 10 மி.மீ. விடுங்கள்.

தமிழ் வசனம் இடத்தை விழுங்கும். முதலில் எழுத்து, அப்புறம் அதைச் சுற்றி வசன பலூன், பிறகுதான் முகம். மாற்றிச் செய்தால் பலூன் நாயகன் மூக்கில்தான் உட்காரும்!

நடுமடிப்புக்குச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது; நீளக்கை ஸ்டேப்ளர் கேளுங்கள்.