லிட்டில் பேர்டைக் கவிழ்க்காமல் ஓட்டுவது எப்படி? (பேட்டில்ஃபீல்ட் 4, பிசி)

கேமை இன்ஸ்டால் செய்வது, சர்வரில் சேர்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக லிட்டில் பேர்டு என்ற அந்தச் சின்ன ஹெலிகாப்டருக்கு வருவோம்.

தரையில் ஓடும்போதும் சரி, ஜீப்பிலும் சரி, டபிள்யூ கீ என்றால் முன்னால். லிட்டில் பேர்டில் அது மேலே. முன்னால் கொண்டுபோவது மூக்குதான். மேலே இருக்கும் விசிறி தூக்கும் விசை, மூக்கு சாயும் பக்கமே சாயும். சாய்ந்த அளவுக்குத் தூக்குகிற பலம் குறையும். வேகம் வேணும்னு மூக்கைக் கீழே குத்தினால், டபிள்யூவை விடாமல் பிடித்திருந்தாலும் தரை கிட்ட வருவது இதனால்தான். புதுசா ஓட்டுறவங்க பத்தில் ஒன்பது பேர் விழுவது இங்கேதான்.

படி 1: செட்டிங்ஸ். கீ பைண்டிங்கில் (எந்த கீக்கு எந்த வேலை என்ற பட்டியல்) ஹெலிகாப்டருக்குத் தனிப் பக்கம் இருக்கு, ஜெட்டோடு குழப்பிக்காதீங்க. ஏ, டி இரண்டும் மூக்கை இடம் வலம் திருப்பும். மவுஸை முன்பின் நகர்த்தினால் மூக்கு இறங்கி ஏறும். பக்கவாட்டில் நகர்த்தினால் வண்டி சாயும்.

சிக்கல் என்னன்னா, மவுஸ் நகரும் வரைதான் மூக்கும் நகரும். பேடின் விளிம்பு வந்ததும் மவுஸைத் தூக்கி வைக்கிறீங்க இல்லையா, அந்த அரை செகண்டில் கட்டுப்பாடு கையில் இல்லை. மரம் வருவதும் அப்போதான். இதுக்கு இரண்டு வழி. வண்டிக்கான மவுஸ் சென்சிட்டிவிட்டியை, மணிக்கட்டு அசைவிலேயே 45 டிகிரி சாயும் அளவுக்கு ஏற்றுங்க. கூடவே, மூக்கைத் தூக்கும் கட்டளையை ஸ்பேஸ் பாருக்கு மாற்றுங்க. இரண்டாவதுதான் உண்மையான மருந்து.

ஜாய்ஸ்டிக் வேண்டாம். குறி வைக்க மவுஸ்தான் சரி. அந்தக் காசுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய மவுஸ் பேடும் நல்ல லேன் கேபிளும் வாங்கிடலாம். வைஃபையில் பிங் (சர்வருக்குச் சிக்னல் போய் வரும் நேரம்) எகிறிக் குதித்தால் எவ்வளவு பழகியும் பிரயோஜனமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் நேராகப் போகுது. சிங்கப்பூர் சர்வர் கிடைத்தால் அதையே எடுங்க.

படி 2: நிற்கப் பழகுங்க. கேமிலேயே இருக்கும் பயிற்சி இடமான டெஸ்ட் ரேஞ்சில் ஆரம்பிங்க, அங்கே திட்ட ஆளில்லை. ஒரு கட்டடத்துக்கு மேலே, ஒரே இடத்தில் 60 செகண்ட் நிற்கணும். டபிள்யூவை அமுக்கிப் பிடிக்காதீங்க. தட்டித் தட்டி விடுங்க. எஸ் மட்டும் பிடித்தால் கல் மாதிரி இறங்கும். சாய்ந்த வண்டி தானா நேராகும்னு நம்ப வேண்டாம், எதிர்ப்பக்கம் நீங்கதான் கொண்டுவரணும்.

படி 3: திரும்புவது. வெறும் டி-யை அழுத்தினால் மூக்கு மட்டும் திரும்பும், வண்டி பழைய திசையிலேயே வழுக்கிட்டுப் போகும். வலப்பக்கம் திரும்பணுமா? முதலில் வலப்பக்கம் சாயுங்க, உடனே ஸ்பேஸ் பாரால் மூக்கை இழுங்க, டபிள்யூவைப் பிடிங்க, கடைசியாக டி-யைக் கொஞ்சம். வரிசை மாறினால் உயரம் போயிடும். இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு போடுங்க, லைசென்ஸ் டெஸ்டில் போடுவோமே அதே எட்டு. உயரம் குறையாமல் பத்து முறை வந்தால் மேட்சுக்குப் போகலாம்.

படி 4: ஃப்ளேர், அதாவது துரத்தி வரும் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறி. எக்ஸ் கீ. எதிரியின் குறி உங்கள் மேல் லாக் ஆகும் பீப் கேட்டதுமே போட்டுடாதீங்க. ஏவுகணை கிளம்பியதும் சத்தம் மாறும், அப்போ போடுங்க. முன்னாடியே போட்டால், அது திரும்ப ரெடியாவதற்குள் ஸ்டிங்கர் ஏவுகணை வந்துடும். ஸ்டிங்கர் சுட்டதும் தானாகத் துரத்தும்; இக்லா என்ற இன்னொரு ஏவுகணைக்குச் சுட்டவர் கடைசி வரை குறி பிடித்திருக்கணும். அதனால் இக்லா என்றால் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பின்சேர்க்கை: "மவுஸை இழுத்தால் மூக்கு இறங்குதே" என்று கேட்டவர்களுக்கு: மவுஸ் திசையைத் தலைகீழாக்கும் இன்வர்ட் ஆப்ஷனை மாற்றிப் பாருங்க. எது கைக்கு வருதோ அதை முதல் நாளே முடிவு பண்ணிடுங்க, நடுவில் மாற்றினால் கை குழம்பும். இன்னொன்று, பக்க சீட்டில் ரிப்பேர் டூலோடு இரண்டு இன்ஜினியர்கள் உட்கார்ந்தால் பறக்கும்போதே சரி செய்வாங்க. ஆனா அவங்க வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்காங்க. கட்டடத்தை உரசிப் போகாதீங்க.