தறிச் சத்தத்துக்கு நடுவே நேரடி ஒலிப்பதிவு

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை பட்சிராஜா ஸ்டூடியோக்களின் காலத்தில் வெளிச்சத்தத்தை ஸ்டூடியோச் சுவர் தடுத்தது. இன்று விசைத்தறி ஊர்களான சோமனூரிலோ பல்லடத்திலோ ஐந்தாறு பேர் சேர்ந்து சொந்தக் காசில் படம் எடுத்தால் அந்தச் சுவர் இல்லை. படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். வசனம் கேட்காவிட்டால் எழுந்துவிடுவார்கள்.

இடம் பார்க்க, ஷூட்டிங் நடக்கும் அதே நேரத்துக்குப் போங்கள். கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேளுங்கள். தறி ஓடும்போது பேசிய வசனத்தை எடிட்டிங்கில் வெட்டி ஒட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் தறியின் தாளம் தாவும். மென்பொருள் சரிசெய்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆகவே தறிக்காரரிடம் முன்பே பேசி, ஷிஃப்ட் மாறும்போதோ பாவு நூல் பிணைக்கத் தறி நிற்கும்போதோ வசனத்தை எடுங்கள். பிறகு தறியை ஓட்டச் சொல்லி, அதன் சத்தத்தை மட்டும் ஐந்து நிமிடம் தனியாகப் பதிந்து, வசனத்துக்கு அடியில் சேர்த்துவிடுங்கள்.

காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. கஞ்சி போட்ட சட்டை மொரமொரவென்று உரசும். துவைத்துப் பழகிய பருத்திதான் நல்லது. ஒலிப்பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். பேச்சின் உச்சம் கருவியின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோம உறை வேண்டும்.

சத்தம் போக, படத்துக்கும் ஒன்று: டியூப்லைட் இருந்தால் கேமரா ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் வெளிச்சம் துடிக்கும்.