மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்து மேசையை அளங்கள்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவரானாலும், கடைக் கணக்கை டேலியில் ஏற்றுபவரானாலும், மானிட்டர் வாங்கப் போனதும் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான். இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை நீளம். எழுத்து கூராகத் தெரியுமா என்பதை ஓர் இன்ச்சில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) அடங்குகிறது என்ற கணக்குதான் சொல்லும். அதுவே பி.பி.ஐ.

மூன்று எண்களை நினைவில் வையுங்கள். ஃபுல் எச்.டி. (1920×1080) என்றால் 2203, க்யூ.எச்.டி. (2560×1440) என்றால் 2937, 4கே (3840×2160) என்றால் 4406. இவை மூலைக்கு மூலை உள்ள பிக்சல்கள். இன்ச்சால் வகுத்தால் பி.பி.ஐ. கிடைக்கும். 24 இன்ச் ஃபுல் எச்.டி.க்கு 92, 27 இன்ச்சில் அதுவே 82. 27 இன்ச் க்யூ.எச்.டி.க்கு 109, 4கேக்கு 163.

இனி கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரம். மேசையில் அதை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 3438-ஐ பி.பி.ஐ.யால் வகுங்கள். நல்ல பார்வை உள்ளவருக்குப் பிக்சல்கள் கலந்து ஒன்றாகும் தூரம் இன்ச்சில் வரும். 82-க்கு 42 இன்ச், அதாவது மூன்றரை அடி. மேசையில் நாம் உட்காருவதோ இரண்டு, இரண்டரை அடியில். 27 இன்ச் ஃபுல் எச்.டி. விலை குறைவாக இருந்தாலும் எழுத்து வேலைக்கு வாங்காதீர்கள். 109-க்கு ஏறத்தாழ 32 இன்ச், 163-க்கு 21 இன்ச். பில் போட 24 இன்ச் ஃபுல் எச்.டி. தாராளம். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவருக்கு 27 இன்ச் க்யூ.எச்.டி., கண்டாங்கிச் சேலைக் கட்டம், ஆத்தங்குடித் தரைக்கல் வடிவம் என நுணுக்கமாக வரைபவருக்கு 27 இன்ச் 4கே.

கடைக்குப் பென் டிரைவில் ஒரு தமிழ்க் கோப்பு கொண்டு போங்கள். 9 பாயின்ட்டில் "கண்ணன், ஞாழல், இஞ்சி" என்று இருக்கட்டும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, மெய்யின் புள்ளி மூன்றும் நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். கடை டெமோ வீடியோவை நம்பாதீர்கள். ஓடும் படத்தில் எழுத்தின் கூர்மை பிடிபடாது.

எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று ரெசல்யூஷனை (1920×1080 போன்ற பிக்சல் எண்ணிக்கையை) குறைப்பதுதான் வீட்டுக்கு வந்தபின் நடக்கும் பெரிய தவறு. ஒரு பிக்சலின் வேலை பக்கத்துப் பிக்சலிலும் வழிந்து எழுத்து மங்கும். கண்டாங்கிக் கோடுகள் சில தடித்தும் சில மெலிந்தும் காட்டும். ரெசல்யூஷனைத் தொடாமல், எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங்கை உயர்த்துங்கள். 27 இன்ச் 4கேக்கு 150 சதவீதம் பொருந்தும். மானிட்டர் மெனுவில் உள்ள ஷார்ப்னஸைக் கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும். கம்பெனி வைத்த அளவிலேயே விடுங்கள்.

பழைய வி.ஜி.ஏ. கேபிள் எழுத்தை மங்கலாக்கும், நிழல் விழவும் வைக்கும். எச்.டி.எம்.ஐ. 1.4-இல் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 30 முறைதான் படம் மாறும்), மவுஸ் இழுபடும். 60 ஹெர்ட்ஸுக்கு எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும், கணினியிலும் சேர்த்து.

வளவை (வீட்டின் நடு முற்றத்தை) ஒட்டிய அறையில் வைப்பதானால் பளபளக்காத மேட் திரையே வாங்குங்கள். முற்றத்து வெளிச்சம் திரைக்கு நேரெதிரே விழாமல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.