வீட்டுப் பட்டறைக்கு விலை குறைந்த ஆணித் துப்பாக்கி

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தால், பேட்டரியில் ஓடுவதை விடக் காற்றில் இயங்கும் துப்பாக்கியே சிக்கனமானது. கடைகளில் எஃப்-30 என்று விற்கப்படுவது 18 கேஜ் ஆணியை 30 மி.மீ. நீளம் வரை அடிக்கும் (கேஜ் என்பது ஆணியின் தடிமன் அளவு; எண் குறைந்தால் ஆணி தடிக்கும்). ஓரங்களில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டமான பீடிங்குக்கும் மெல்லிய பிளைவுட்டுக்கும் இதுவே போதும். கதவு நிலையைச் சுற்றி வரும் தடித்த சட்டங்களுக்கு, 50 மி.மீ. வரை ஏற்கும் 16 கேஜ் டி-50 தேவைப்படும். ஆனால் அது விடும் குழி சற்றுப் பெரியது என்பதால், பட்டி (புட்டி) வைத்து மறைக்க வேண்டியிருக்கும்.

முனை மரத்தில் அழுந்தினால் மட்டுமே ஆணியை விடுவிக்கும் பாதுகாப்பு அமைப்பு மலிவான கருவிகள் பலவற்றில் இருப்பதில்லை. இந்த ஒன்றில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். வாங்குவதற்கு முன், கடையிலேயே ஒரு தேக்குத் துண்டில் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, கருவியில் குறிப்பிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், ஆணித்தலை மரப்பரப்புக்கு மயிரிழை கீழே இறங்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதியுங்கள். சிக்கிய ஆணியை எடுக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றிவிடுவது கட்டாயம்.