ஸ்கைலைன் வாங்கப் போகிறீர்களா? முதலில் பானெட்டைத் திறங்கள்

ஜப்பானிலிருந்து வரும் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் பார்க்கப் போனால் பெயின்ட் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணைப் படியுங்கள். அசல் ஆர்34 தலைமுறை ஜிடி-ஆர் என்றால் அது பிஎன்ஆர்34 என்று தொடங்கும். இஆர்34 என்று இருந்தால் அது சாதாரண ஸ்கைலைன். பம்பரும் பேட்ஜும் மாற்றி ஜிடி-ஆர் வேஷம் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அப்படியே ஸஸ்பென்ஷன் டவர்களை, அதாவது ஸஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் தகட்டு மேடுகளை, தடவிப் பாருங்கள். ஆர்34-இல் முன்பக்க டவர்கள் துருப்பிடிப்பது ஊரறிந்த நோய். தகட்டு இணைப்புகளில் பூசிய சீலன்ட் உப்பியிருந்தால் அடியில் துரு இருக்கலாம்.

ஜப்பான் ஏலத்தில் வண்டியைச் சோதித்து எழுதிய ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள கார் படத்தில் டபிள்யூ என்றால் ரிப்பேர் செய்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பேனல், எஸ் என்றால் துரு. கிரேடு ஆர் என்றால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. நல்ல வேலை என்றால் அதுவும் தப்பில்லை, விலை அதற்கேற்ப இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் இன்ஜினிலுள்ள டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை. 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மீட்டர் 60,000 காட்டினாலும் ரப்பருக்கு வயது இருபதைத் தாண்டியாயிற்று. மாற்றிய ரசீது இல்லையென்றால் டர்போவைச் சீண்டுவதற்கு முன் அதைப் புதிதாகப் போடுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். 25 வருடம் ஆன வண்டிகளுக்கு இறக்குமதியில் விலக்கு தரும் 25 வருட விதி அந்த மாதத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது.