மலையகத்தில் அப்பாவின் கார்ச் சாவி

இலங்கை மலையகத்தில் கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் வாடகை வீடு, பள்ளிக்கூடம், சமையல் கேஸ் எல்லாம் விசாரிப்பார்கள். கூட வந்திருக்கும் எழுபது வயது அப்பா இங்கே கார் ஓட்டலாமா என்று மட்டும் விசாரிப்பதில்லை. ஊரில் அத்தனை வருஷம் ஓட்டியவராயிற்றே!

கனடாவிலிருந்து வந்தவர் முதலில் இடப்பக்கம் ஓட்டப் பழக வேண்டும். சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை, மலைதான் தொல்லை.

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கழுத்து திரும்புகிறதா என்று பாருங்கள். தோட்டத்து ரோட்டில் எதிரே லொறி வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இங்கே வழக்கம் என்பதால், இறங்கி வருபவர்தான் பெரும்பாலும் மேட்டில் ரிவர்ஸ் எடுப்பார். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க முடியாதவருக்கு அந்த ரோடு வேண்டாம், அவருக்கு ஐம்பது வயதுதான் என்றாலும் சரி.

இன்னொன்று, இறக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். றம்பொடையிலோ கடுகண்ணாவையிலோ சின்ன கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். சொல்லிக் கொடுத்தும் மறுபடி அதையே செய்கிறார் என்றால் யோசிக்க வேண்டியதுதான். கண்புரை உள்ளவருக்கு எதிரே வரும் லைட் கண்ணைக் கூசும், அதோடு மூடுபனியும் சேர்ந்தால் வளைவே தெரியாது. இன்சுலின் போடுபவர் சாப்பாடு தள்ளிப்போனால் ஸ்டியரிங் முன்னாலேயே தடுமாறலாம். சளி மாத்திரைகளில் சிலவும் தூக்கம் வரவழைக்கும். அவர் போடும் மாத்திரைகளையெல்லாம் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

“லைசன்ஸ் இன்னும் முடியவில்லையே” என்பார். இலங்கையில் இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 வருஷத்துக்குத் தருகிறார்கள். வாங்கும்போது மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் 68 வயதில் எடுத்த சான்றிதழ் 75 வயதுக் கண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

ஒரே நாளில் சாவியைப் பிடுங்கத் தேவையில்லை. முதலில் இரவு ஓட்டத்தை நிறுத்துங்கள், அடுத்தது பனியும் மழையும், அப்புறம் கணவாய் ரோடுகள். மே முதல் செப்டம்பர் வரை கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் மழை கொட்டும், மண்சரிவும் வரும். அந்த மாதங்களில் தொடங்கினால் மழையைக் காரணம் காட்டலாம், அவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. டவுனுக்குள் பகலில் கோயிலுக்கும் கடைக்கும் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டட்டும்.

யார் சொல்வது என்பதும் முக்கியம். மருமகன் சொன்னால் காரியம் கெட்டது. கண் டாக்டர் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், பக்கத்து சீட்டில் பயந்துகொண்டே வருபவருக்குத்தான் நிலைமை தெரியும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மாற்று ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். பல குடும்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன: காரை நிறுத்திவிட்டு மனுஷனை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். நம்பிக்கையான ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து, கிளினிக் நாள், கோயில் நாள், சந்தை நாள் என்று மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். காருக்கு ஆகும் பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டுக் காட்டினால் அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார். பதுளைப் பக்கமோ கண்டிப் பக்கமோ தூரப் பயணத்துக்கு ரயில் இருக்கிறது, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

“நடு ராத்திரி நெஞ்சு வலித்தால் கார் வேண்டாமா?” என்பது அவர்களின் கடைசி வாதம். நெஞ்சு வலிக்கிறவர் ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்துக்குள் வந்து சேர நேரமாகலாம் என்பதால், பக்கத்து லயத்திலோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வீட்டிலோ வேன் வைத்திருப்பவரின் நம்பரையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.